வேட்டைத் துவக்குக்கு நம்பகமான ஸ்கோப் றிங்: மயிரிழைக் கணக்கிலிருந்து முதல் வெடி வரை

மயிரிழையில் தப்பினான் என்போம். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர். ஸ்கோப்பை, அதாவது துவக்கின் மேல் பூட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியை, பிடித்திருக்கும் இரண்டு றிங்குகளுக்கும் இடையே 100 மில்லிமீற்றர் தூரம் என்று வையுங்கள். பின் றிங்கில் ஸ்கோப் அந்த ஒரு மயிரிழை பக்கவாட்டில் அசைந்தால், 100 மீற்றரில் குண்டு விழும் இடம் 7 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும். 200 மீற்றரில் 14. வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான். மயிரிழையில் தப்புவது மான். இன்னும் கெட்டது, தப்பாமல் காயத்தோடு காட்டுக்குள் ஓடுவது.

எனக்கு இது மூன்றாவது பருவத்தில்தான் புரிந்தது. ஒன்ராறியோவின் ஹலிபேர்ட்டன் பக்கம், நவம்பர் முதல் கிழமை, பனி லேசாகத் தூவிய காலை. 80 மீற்றரில் நின்ற மான். துவக்கை முதுகுப்பையின் மேல் சாய்த்து, அவசரப்படாமல் வைத்த வெடி. மான் நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்து போனது. மத்தியானம் வரை இரத்தத் துளி தேடினோம். ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமை தாளில் சுட்டுப் பார்த்தால் குண்டுகள் ஒரு சாண் வலப்பக்கம் விழுகின்றன. ஸ்கோப்தான் பழுது என்று முடிவுகட்டி, கழற்றித் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். ஐந்து கிழமை கழித்து, பழுது எதுவும் இல்லை என்ற கடிதத்தோடு திரும்பி வந்தது. அப்போதுதான் ஸ்கோப்பின் குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பின் றிங் இருந்த இடத்தில் பளபளவென்று ஓர் உராய்வுத் தடம். ஒவ்வொரு வெடிக்கும் ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. நகர்வது நேராகவா நகரும்? துவக்கு வாங்கிய கடையில் சும்மா மாட்டிக் கொடுத்த றிங் அது. கண்ணாடிக்கு 600 டொலர் கொடுத்தவன், அதைப் பிடிக்கிற கைக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை.

கனடாவில் இதெல்லாம் பி.ஏ.எல். என்கிற துவக்கு உரிமமும் வேட்டை அனுமதியும் எடுத்தவர்களுக்கான பேச்சு. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வேட்டைக்குக் கதவு மூடிவிட்டது. அங்கே இருந்து வாசிப்பவர்கள் காற்றுத் துவக்குக்கு ஸ்கோப் மாட்டுபவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் இடையில் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு துவக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம்: .308 வின்செஸ்டர் தோட்டா, ரெமிங்டன் 700 வகை ரிசீவர் (போல்ற் ஓடும் உலோக உடல்), 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் 3-9×40 ஸ்கோப். கனடாவின் மான் வேட்டைக் கூடாரங்களில் சலிக்கச் சலிக்கப் பார்க்கலாம். கை வைக்கும் முன் தோட்டாவை எடுங்கள், போல்ற்றை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கழற்றி மேசையில் வையுங்கள், குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மற்றதெல்லாம்.

அந்த ஒரு மில்லி விநாடியில் நடப்பது

றிங் எதைத் தாங்குகிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். 150 கிரெய்ன், அதாவது 9.7 கிராம் குண்டு, விநாடிக்கு 860 மீற்றர் வேகத்தில் குழலை விட்டுப் போகிறது. அதன் உந்தத்தோடு பின்னால் எரியும் மருந்தின் உந்தத்தில் ஒரு பங்கையும் சேர்த்தால், ஸ்கோப்போடு சேர்ந்து 3.6 கிலோ இருக்கும் துவக்கு, குண்டு குழலுக்குள் இருக்கும்போதே விநாடிக்கு 2.7 மீற்றர் வேகத்தில் பின்னுக்கு வருகிறது. அதற்கு எடுக்கும் நேரம் ஒரு மில்லி விநாடியும் கொஞ்சமும். ஸ்கோப்பின் எடை 450 கிராம். துவக்கு பின்னுக்குப் பாயும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதை இழுத்துக்கொண்டு போகிற வேலை றிங்குடையது. கணக்குப் போட்டால் சராசரி விசை குத்துமதிப்பாக 1,000 நியூட்டன் வருகிறது. நூறு கிலோ மூட்டை ஒன்றை, இரண்டு வளையமும் நாலைந்து ஸ்குரூவும் ஒரு கணம் தூக்கிப் பிடிக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒவ்வொரு வெடிக்கும்.

இதில் மூன்று இடங்கள் தோற்கலாம். குழாய் றிங்குக்குள் வழுக்கலாம். றிங், அதற்கு அடியில் துவக்கோடு பூட்டிய பேஸின் மேல் நகரலாம். பேஸ் ரிசீவரின் மேல் அசையலாம். கடையில் எல்லோரும் முதலாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். என் கைக்கு வந்த துவக்குகளில் மூன்றாவதைத்தான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன், ஏனென்றால் ஸ்கோப்பின் அடியில் இருக்கும் ஸ்குரூக்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலில் பேஸ், பிறகு றிங்

றிங் வாங்கக் கிளம்பும் முன் துவக்கின் முதுகைப் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் எந்த றிங் பொருந்தும் என்று சொல்லும்.

ரெமிங்டன் 700-இன் முதுகு உருண்டை. நான்கு துளைகள், 6-48 என்ற நுண்மரை. இதில் பலர் தவறவிடும் விஷயம், ரிசீவரின் பின்பகுதி முன்பகுதியை விடத் தாழ்வு. அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு உயரமான பேஸ் வரும். மாற்றி மாட்டினால் ஸ்கோப் குனிந்து மண்ணைப் பார்க்கும், அல்லது வானத்தைப் பார்க்கும். டிக்கா டி3-இல் ரிசீவரிலேயே 17 மி.மீ. தண்டவாளம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று செய்த றிங்கை நேராகப் பூட்டலாம், அல்லது மேலே உள்ள துளைகளில் றெயில் (குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய நீளப் பேஸ்) போடலாம். சாக்கோவின் தண்டவாளம் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கும், ஆகவே அதற்கு அதன் றிங்தான். ரூகர் ஹோக்ஐ வாங்கினால் பெட்டிக்குள்ளேயே றிங் இருக்கும். ரிசீவரில் குடைந்த பள்ளத்தில் அது உட்காரும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். பேஸ் என்ற ஒன்றே இல்லை, அதனால் அது தளரவும் வழியில்லை.

பொதுவாகப் போடும் பேஸ்களில் குழப்பம் வருவது வீவர், பிக்கடினி என்ற இரண்டு அளவுமுறைகளுக்கும் இடையில். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். வீவர் பள்ளத்தின் அகலம் 4.57 மி.மீ., பள்ளங்களுக்கு இடையே ஒரே சீரான தூரம் என்று விதியில்லை. பிக்கடினி, அமெரிக்க இராணுவம் 1995-இல் மில்-ஸ்டான்டர்ட் 1913 என்று எழுதி வைத்த அளவு. நியூ ஜேர்சியில் உள்ள பிக்கடினி ஆயுதசாலையின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அதில் பள்ளம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு 10.01 மி.மீ. ஆகவே வீவர் றிங்கின் குறுக்குத் தண்டு பிக்கடினிப் பள்ளத்துக்குள் இறங்கும், ஆனால் கொஞ்சம் ஆடும். பிக்கடினி றிங்கின் தண்டு வீவர் பள்ளத்துக்குள் இறங்கவே இறங்காது. சுத்தியலால் தட்டி இறக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இப்போது புது றெயில் வைத்திருக்கிறார்.

முன் றிங்கைத் திருகி உள்ளே செருகி, பின் றிங்கை இரண்டு பக்கமும் ஸ்குரூவால் நெருக்கிப் பிடிக்கும் பழைய ரெட்ஃபீல்ட் முறையும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. பார்க்க அழகு. பழைய மர வேலைப்பாட்டுத் துவக்கில் அதுதான் எடுப்பாகவும் இருக்கும். ஆனால் பின் றிங்கின் இரண்டு பக்க ஸ்குரூக்கள் நாளடைவில் தளரும். இதை மாட்டுபவர்கள் முன் றிங்கைத் திருப்ப ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பாவிப்பார்கள். குழாய் வளைந்துவிடும். ஓர் அங்குல விட்டமுள்ள மர உருளையைச் செருகித் திருப்புங்கள்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற துவக்குக்கு, பேஸும் றிங்கின் கீழ்ப்பாதியும் ஒரே துண்டாக வரும் டாலி போன்ற வகை. ஒரு மூட்டு குறைகிறது, எடையும் குறைகிறது. கூடாரத்தில் உட்கார்ந்து சுடும் கனமான துவக்குக்கு, அல்லது .300 மாக்னம் போல உதைக்கிறவற்றுக்கு, ஒரே துண்டு பிக்கடினி றெயிலும் நல்ல றிங்கும். நீள றெயிலுக்கு ஒரு குறை உண்டு. அது தோட்டா போடும் வாய்க்கு மேலால் பாலம் போலப் போகும், கையுறை போட்ட விரலால் தோட்டாவை உள்ளே தள்ளுவது எரிச்சலான வேலை. அடியிலிருந்து கழற்றித் தோட்டா நிரப்பும் பெட்டி மகசீன் இருந்தால் அது பிரச்சினை இல்லை. 20 எம்.ஓ.ஏ. (ஓர் எம்.ஓ.ஏ. என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) சரிவுள்ள றெயில் நல்லது என்று ஆலோசனை வரும். அது 800, 1,000 மீற்றர் சுடுபவர்களுக்கு. 200 மீற்றருக்குள் மான் சுடுபவருக்கு வேண்டியதில்லை.

காற்றுத் துவக்குக்காரருக்கான பத்தி இது. உங்கள் துவக்கின் முதுகில் 11 மி.மீ. தண்டவாளம் இருக்கும், குறுக்குப் பள்ளம் இருக்காது. ஸ்பிரிங் பிஸ்டன் வகை என்றால் அது முதலில் பின்னுக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னுக்குமாக இரண்டு தரம் உதைக்கும். வேட்டைத் துவக்கில் வருடக்கணக்காக நின்ற றிங் இங்கே ஒரு நாளில் நகரலாம். அடியில் நிறுத்து ஊசி உள்ள மவுன்டாக வாங்கி, அந்த ஊசியைத் துவக்கில் உள்ள துளைக்குள் இறக்குங்கள்.

விட்டம்

இது சின்ன வேலை. ஸ்கோப் குழாய் 1 அங்குலமா (25.4 மி.மீ.), 30 மி.மீ.-ஆ, 34 மி.மீ.-ஆ என்று பெட்டியிலேயே இருக்கும். பழைய ஜேர்மன் ஸ்கோப் வாங்கினால் மட்டும் அளந்து பாருங்கள், 26 மி.மீ. குழாய்கள் இருக்கின்றன. அதை ஓர் அங்குல றிங்குக்குள் வைத்து இறுக்கினால் குழாய் நசுங்கும். பெரிய றிங்குக்குள் பிளாஸ்டிக் வளையம் வைத்துச் சின்னக் குழாயை ஒப்பேற்றும் யோசனையை விடுங்கள். அந்தக் குழாய்க்குச் சரியான றிங் இருக்கும்போது எதற்கு இடையில் ஓர் ஆள்?

உயரம்: வேணியரை எடுங்கள்

பெட்டியில் தாழ்வு, நடுத்தரம், உயரம் என்று எழுதியிருப்பார்கள். ஒரு கம்பனியின் தாழ்வு இன்னொரு கம்பனியின் நடுத்தரம். சிலர் பேஸின் மேல்விளிம்பிலிருந்து குழாயின் மையம் வரை அளப்பார்கள், சிலர் றிங்கின் உட்குழிவின் அடி வரை மட்டும் அளப்பார்கள். ஆகவே அந்தச் சொல்லைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள், அந்த எண் எதிலிருந்து எதுவரை என்பதையும் பாருங்கள்.

கணக்கு எளிது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பாவித்த வேணியர் இடுக்கிமானி போதும். போன வருடம் நண்பர் ஒருவரின் துவக்குக்குப் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

3-9×40 என்றால் முன் வில்லை 40 மி.மீ. ஆனால் அதைச் சுற்றிய மணியின், அதாவது ஸ்கோப்பின் அகன்ற முன்முனையின், வெளிவிட்டம் 47. அரைவாசி 23.5. மடக்கு மூடி போடுகிறார், அதன் தடிப்பு 2. மணிக்கும் குழலுக்கும் இடையே காற்று இடைவெளி 3 விட்டேன். கூட்டினால் 28.5. குழலின் மேற்பரப்பிலிருந்து ஸ்கோப்பின் மையம் குறைந்தது அந்த உயரத்தில் இருக்க வேண்டும். றெயில் ஏற்கெனவே குழலை விட உயரத்தில் இருக்கிறது. மணி வரும் இடத்தில் குழலின் மேல் ஓர் அடிமட்டத்தை நிறுத்தி, றெயிலின் மேல்விளிம்பு எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்தோம், 11 மி.மீ. 28.5-இல் 11 போனால் 17.5. றெயிலின் மேல்விளிம்பிலிருந்து குழாயின் மையம் வரை 17.5 மி.மீ. அல்லது அதற்குச் சற்றுக் கூட உள்ள றிங் வேண்டும். உட்குழிவின் அடி வரை அளக்கும் கம்பனி என்றால் குழாயின் ஆரம் 12.7-ஐக் கழியுங்கள், 4.8 மி.மீ. அது தாழ்வு றிங். அவர் கடையில் எடுத்து வந்ததோ உயர றிங், ஏனென்றால் விற்றவர் எல்லாவற்றுக்கும் அது சரிவரும் என்று சொன்னாராம். சரிவரும்தான். தாடையைத் துவக்கின் கட்டையில் வைக்க முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு, முற்றத்துக் கொக்கு போல நின்று சுட வேண்டியிருக்கும்.

50 மி.மீ. வில்லை என்றால் மணியின் வெளிவிட்டம் 57-ஐ ஒட்டி வரும். அதே கணக்கில் 22.5. பெரிய வில்லைக்காக 5 மி.மீ. கன்னத்தைத் தூக்குகிறோம். அந்திப் பொழுதில் கொஞ்சம் கூட வெளிச்சம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் கன்னம் கட்டையில் படியாமல் கண்ணை ஸ்கோப்புக்குப் பின்னால் தேடும்போது அந்த இலாபம் கரைந்துவிடும். வேட்டைக்கு 40 அல்லது 42 போதும் என்பது என் கட்சி.

முன்பக்கம் சரி என்று நிற்க வேண்டாம். போல்ற்றை மாட்டி, கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். கண்வில்லையின் உடம்பில் அது தட்டுகிறதா? பெரிதாக்கும் வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனை தட்டுகிறதா? 3-இல் தட்டாதது 9-இல் தட்டலாம். வளையத்தை முழுச்சுற்றும் திருப்பிப் பாருங்கள்.

எதனால் செய்தது, எப்படிச் செய்தது

அலுமினியமா உருக்கா என்று கேட்பவர்களிடம் நான் எந்த அலுமினியம் என்று திருப்பிக் கேட்பேன். 7075-டி6 என்று எழுதியிருந்தால் அதன் நெகிழ்வு வரம்பு 500 மெகாபாஸ்கலை ஒட்டியது. 6061-டி6 என்றால் 276. வெறுமே விமானத் தர அலுமினியம் என்று மட்டும் எழுதியிருந்தால் எண்ணைச் சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உருக்கின் அடர்த்தி அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, எடையும் அப்படியே. நல்ல 7075 றிங் .308-க்குத் தாராளம். உருக்கின் இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. கழற்றிக் கழற்றிப் பூட்டினாலும் அதன் மரை தேயாது. ஆகவே சட்டென்று கழற்றும் நெம்பு வைத்த றிங் வாங்கினால் உருக்காக வாங்குங்கள்.

குளிரில் உருக்கும் அலுமினியமும் ஒரே அளவில் சுருங்காது, அதனால் பிடி தளரும் என்று ஒரு பயமுறுத்தல் இருக்கிறது. 20 பாகையிலிருந்து கழித்தல் 20-க்குப் போனால் ஓர் அங்குலக் குழாயில் வரும் வித்தியாசம் 0.011 மி.மீ. சரியாக இறுக்கிய ஸ்குரூவின் இழுவை அதை விழுங்கிவிடும்.

பிளவு எங்கே என்று பாருங்கள். மேல்மூடி, கீழ்ப்பாதி என்று கிடையாகப் பிளந்தவைதான் அதிகம், அவற்றில் ஸ்கோப்பை வைப்பதும் திருப்புவதும் சுலபம். வோர்ன் கம்பனியின் மக்சிமா போல நிலைக்குத்தாகப் பிளந்தவை இரண்டு பக்கத்திலிருந்தும் அணைத்துப் பிடிக்கும். நன்றாகப் பிடிக்கும், ஆனால் மாட்டும்போது மூன்றாவது கை வேண்டும்போல இருக்கும். பர்ரிஸ் கம்பனியின் சிக்னேச்சர் றிங்குக்குள் கோள வடிவில் உட்காரும் பிளாஸ்டிக் செருகு இருக்கிறது. முன்னும் பின்னும் பேஸ் ஒரு நேரில் இல்லாவிட்டாலும் செருகு தானாகத் திரும்பிச் சரிசெய்துகொள்ளும், குழாயில் கீறலும் விழாது. பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளித்தவன் நான். இப்போது என் இரண்டு துவக்குகளில் அதுதான் இருக்கிறது.

கடையில் றிங்கைக் கையில் வாங்கியதும் இவற்றைப் பாருங்கள். அடியில் உள்ள குறுக்குத் தண்டு சதுர விளிம்போடு இருக்கிறதா, வெறும் உருண்டைக் கம்பியா? பள்ளத்தின் சுவரில் உருண்டை ஒரு கோட்டில் மட்டும் தொடும், சதுரம் முழு முகத்தாலும் தொடும். அந்த நூறு கிலோ மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். உட்குழிவை நகத்தால் வருடுங்கள், கடைசல் தழும்பு நகத்தில் தடக்கினால் அது குழாயையும் கீறும். ஸ்குரூத் தலையில் டி-15 டோர்க்ஸ் சாவியை வைத்து ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்றால் இரண்டாவது தரம் கழற்றும்போது தலை மழுங்கிவிடும். கடைசியாக, இரண்டு றிங்கையும் ஒரு சமதளக் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உட்குழிவில் குறுக்கே ஒரு நேரான கம்பியை வையுங்கள். கம்பி ஒரு பக்கம் சரிந்தால் ஒன்று மற்றதை விட உயரம். அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வரி. 30 டொலருக்கும் றிங் இருக்கிறது, 250-க்கும் இருக்கிறது. 80-க்கும் 150-க்கும் இடையில் வேட்டைக்காரருக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். அதற்கு மேலே போவது பெரும்பாலும் போட்டிக்காரரின் தேவை, அல்லது ஆசை.

மாட்டும் வேலை

நல்ல றிங்கைக் கெட்டபடி மாட்டினால் கெட்ட றிங்தான். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஒரு டோர்க் திருப்புளி வாங்குங்கள். அதில் அளவு அங்குல-பவுண்டில் இருக்க வேண்டும். கார்ச் சில்லு இறுக்கும் கருவி அடி-பவுண்டில் இருக்கும், அது பன்னிரண்டு மடங்கு. 18 என்று எழுதியிருப்பதை அந்தக் கருவியில் 18 வைத்து இறுக்கினால், ஸ்குரூ உடைவதற்குள் குழாய் நசுங்கியிருக்கும்.

பேஸில் தொடங்குங்கள். துளைகளிலும் ஸ்குரூவிலும் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், அற்ககோலில் துணியை நனைத்துத் துடையுங்கள். ஸ்குரூவை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் போல்ற்றை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். நீளம் கூடிய ஸ்குரூ உள்ளே நீட்டிப் போல்ற்றைப் பிடிக்கும். முன்துளையில் கூடினால் குழலின் மரையில் போய் முட்டும், ஸ்குரூ இறுகியதுபோலக் கையில் தெரியும், ஆனால் பேஸ் இறுகியிருக்காது. இது மிகத் தந்திரமான கோளாறு. சந்தேகமென்றால் பேஸ் இல்லாமலும் இருந்தும் எத்தனை சுற்று இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு நீலப் பூட்டுப்பசை ஒரு துளி, 6-48 ஸ்குரூவுக்கு 20 அங்குல-பவுண்டை ஒட்டி. எந்த எண்ணுக்கும் பெட்டியில் உள்ள தாளே கடைசி வார்த்தை, நான் சொல்வது தாள் தொலைந்தவருக்கு.

றிங்கை றெயிலில் வைத்து, இறுக்கும் முன் முன்னோக்கித் தள்ளுங்கள், தண்டு பள்ளத்தின் முன்சுவரில் முட்டட்டும். துவக்கு பின்னுக்குப் பாயும்போது ஸ்கோப் முன்னுக்குப் போகப் பார்க்கும் என்றேன் அல்லவா, அது போக நினைக்கும் இடத்தில் ஏற்கெனவே உட்காரவைத்துவிடுகிறோம். குறுக்குத் தண்டின் இறுக்கம் கம்பனிக்குக் கம்பனி 30-லிருந்து 65 வரை மாறும். இதற்கு மட்டும் ஊகிக்க வேண்டாம், தாளைப் பாருங்கள்.

இப்போது ஸ்கோப்பைக் கீழ்ப்பாதிகளில் மெல்ல வையுங்கள். தானாக இரண்டிலும் படிகிறதா, அல்லது ஒன்றில் படிந்து மற்றதில் தூக்கி நிற்கிறதா? தூக்கி நின்றால் பேஸ் நேரில் இல்லை. உருக்குக் கம்பியும் அரைபொடியும் வைத்து உட்குழிவை அரைத்து நேர்ப்படுத்துவது பழைய வழக்கம். கிடையாகப் பிளந்த றிங்கில் செய்யலாம். நிலைக்குத்துப் பிளவிலும் பிளாஸ்டிக் செருகிலும் செய்யக் கூடாது. கூர்முனைக் கம்பி இரண்டை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் கருவியை நம்பவும் வேண்டாம், இரண்டு றிங்கும் எதிரெதிராகச் சரிந்திருந்தாலும் முனைகள் சந்திக்கலாம். நான் இப்போது அரைப்பதில்லை. அரைக்க வேண்டிய றிங்கை வாங்கியதே பிழை, அல்லது பேஸைத்தான் திருத்த வேண்டும்.

மேல்மூடியைப் போட்டு, ஸ்கோப் திரும்பும் அளவுக்கு மட்டும் ஸ்குரூவைப் பிடியுங்கள். கண்தூரம் பார்க்கும்போது வேட்டைக்குப் போடும் தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பேஸ்மென்றில் ரீ-சேட்டோடு பார்த்துப் பூட்டியது நவம்பரில் கண்ணுக்கு ஓர் அங்குலம் தள்ளி நிற்கும். ஸ்கோப்பை அதிக உருப்பெருக்கத்தில் வைத்து, கண்ணை மூடித் துவக்கைத் தோளில் ஏற்றிக் கண்ணைத் திறவுங்கள். வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும், ஓரத்தில் கறுப்பு நிலா விழக்கூடாது. கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 9 சென்ரிமீற்றரை ஒட்டி வரும். மிகக் கிட்ட வைத்தால் புருவத்தில் அரைவட்டத் தழும்பு. அந்தத் தழும்போடு வேலைக்குப் போய்க் கதவு தட்டியது என்று பொய் சொன்னவர்கள் பலர்.

குறுக்குக்கோட்டை நேர்ப்படுத்தக் கொத்தனாரின் தூக்குக்குண்டை விட நல்ல கருவி இல்லை. 20 மீற்றரில் ஒரு நூலைத் தொங்கவிடுங்கள். துவக்கைச் சமமட்டத்தில் நிறுத்தி, நிலைக்குத்துக் கோடு நூலோடு ஒன்றும்வரை ஸ்கோப்பைத் திருப்புங்கள். பிறகு மேல்மூடி ஸ்குரூக்களைக் கார்ச் சில்லு இறுக்குவதுபோல மூலைக்கு மூலை மாற்றி, அரைச் சுற்று, காற்சுற்று என்று இறுக்கிக்கொண்டு போங்கள். ஒரு பக்கத்தை முதலில் முடித்தால் கோடு அந்தப் பக்கம் சரிந்துவிடும். முடிவில் 15-லிருந்து 18 அங்குல-பவுண்ட், ஏறத்தாழ 2 நியூட்டன் மீற்றர். இரண்டு பக்கப் பிளவிலும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். மூடி கீழ்ப்பாதியில் முட்டி இடைவெளியே இல்லாமல் போனால் அது குழாயைப் பிடிக்கவில்லை, தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது. மேல்மூடி ஸ்குரூவுக்குப் பூட்டுப்பசை வேண்டாம். ஈரமாக இருக்கும்போது அது எண்ணெய் போல வழுக்கும், 18 என்று கருவி காட்டும்போது உண்மையான இழுவை அதைத் தாண்டியிருக்கும்.

சோதனையும், கோளாறு தேடுவதும்

ஒவ்வொரு ஸ்குரூத் தலையிலிருந்தும் பக்கத்து உலோகத்துக்கு வெள்ளை வர்ணப் பேனையால் ஒரு கோடு இழுங்கள். குழாயிலிருந்து றிங்குக்கும் ஒன்று. பிறகு எப்போது பார்த்தாலும், கோடு நேராக இருந்தால் எதுவும் நகரவில்லை. எனக்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து கிழமையும் தபால் செலவும் மிஞ்சியிருக்கும்.

25 மீற்றரில் தொடங்கி 100-க்குப் போங்கள். முதல் 20 வெடிக்குப் பிறகு எல்லாவற்றையும் திருப்புளியால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பேஸ் ஸ்குரூ ஒன்று சற்றுத் திரும்பினால் ஆச்சரியப்பட வேண்டாம், மறுபடி இறுக்கி மறுபடி சுடுங்கள். இரண்டாவது தடவையும் திரும்பினால் மரையைச் சந்தேகியுங்கள்.

குண்டுகள் சிதறினால் உடனே ஸ்கோப்பின் திருகைத் தொட வேண்டாம். குண்டுகள் இரண்டு இடத்தில் மட்டும் கொத்தாக விழுகின்றனவா? ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு இடையே ஆடுகிறது, பெரும்பாலும் பேஸ். ஒவ்வொரு வெடிக்கும் ஒரே திசையில் ஊர்கிறதா? குழாய் வழுக்குகிறது, வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். கோடெல்லாம் நேராக இருந்து, ஒழுங்கே இல்லாமல் சிதறினால், கட்டையை ரிசீவரோடு பிடிக்கும் ஸ்குரூவைப் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்கோப்புக்குப் போங்கள். ஒன்றை மாற்றினால் ஐந்து வெடி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போகும்.

பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் நான் செய்வது இவ்வளவுதான். கூடாரத்தில் கைவிளக்கைப் பிடித்து வெள்ளைக் கோடுகளை ஒருமுறை எண்ணுவேன், என் துவக்கில் எட்டு. டி-15 சாவியை, காட்டில் போட்டே ஆக வேண்டிய செம்மஞ்சள் மேலங்கியின் இடப்பக்கப் பையில் போட்டு சிப்பை இழுத்துவிடுவேன். போன வருடம் அது எனக்குத் தேவைப்படவில்லை, பக்கத்துக் கூடாரத்துக்காரர் கடன் வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.